பலாக்கட்டை பேசிய பாஷை

நடுவர் அவர்களே! இப்பவே மணியைப் பார்த்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்குளநாதர் அருள்பாலிக்கும் திருவரங்குளத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

நெஞ்சைத் தொடுவது சொல்லா, இசையா? நான் இசை கட்சி. நேத்து ராத்திரி என் வீட்டம்மா கேட்டாங்க: "காலமெல்லாம் சொல்லை வித்துத்தான் அரிசி வாங்கினீங்க. இப்ப சொல்லுக்கு எதிராவே கிளம்பிட்டீங்களா?" (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "பாஷை புரியாம மனசு எப்படிங்க உருகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலுக்கு நான் தூரமா போகவேண்டாம். கூப்பிடு தூரத்தில் இருக்கிறது புதுக்கோட்டை. இந்தப் பக்கம் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம். அங்கெல்லாம் என்ன காய்க்கும்? பலா! அந்தப் பலாக்கட்டையைக் குடைந்து வளையமாக்கி, ஒரு பக்கம் உடும்புத் தோலை ஒட்டினால் கஞ்சிரா. (1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு உடும்பு தப்பித்தது, இப்போது ஆட்டுத்தோல்.)

பஜனையில் தட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. விளக்குப் பிடித்த கை என்று சொல்வார்கள். அவர் சீடர்தான் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அந்தக் கஞ்சிரா எங்கே போச்சு தெரியுமா? 2024-ல் 'சக்தி' குழுவின் 'திஸ் மொமெண்ட்' இசைத்தொகுப்புக்கு கிராமி விருது! கிதார் வாசித்த ஜான் மெக்லாக்லின் ஆங்கிலேயர். தபலா ஜாகிர் உசேன், மும்பைக்காரர். கஞ்சிரா நம்ம செல்வகணேஷ். ஒருத்தர் தாய்மொழி இன்னொருத்தருக்கு இல்லை. நடுவில் ஓடியது 'தகதிமி தகஜுணு'. இதுக்குப் பொழிப்புரை எழுதச் சொன்னா, நான் விடைத்தாளை வெறுமையா கொடுத்திட்டு வந்திடுவேன்! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் தமிழிசை இயக்கத்தைக் காட்டினார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்ததே சொல் புரியணும்னுதானே என்றார். நியாயம். தமிழன் மேடையில் தமிழ் ஒலிக்கணும் என்பது உரிமை. அதை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது மேடையில் யாருக்கு இடம் என்கிற வழக்கு. இன்றைய வழக்கு வேறே ஐயா!

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். இசை உலகப் பொதுமொழி என்றால், எல்லாருக்கும் பிறந்த உடனே புரிஞ்சிடும்னு அர்த்தமில்லை. காது பழகணும். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் 1960-களில் சென்னைக்கு வந்து, உட்கார்ந்து பயின்று, திருவையாற்று ஆராதனையிலேயே பாடினார். நம்மவர்கள் அவரை 'பாகவதர்' ஆக்கிவிட்டார்கள். அவரை முதலில் இங்கே இழுத்தது அகராதியா? நாதம்!

சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. உங்க கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரம் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'னு கத்தினாங்களே, அதில் ஏதாவது சொல் இருந்ததா? எவனாவது வாய்தவறி ஒரு அபசகுனச் சொல்லைச் சொல்லி, அது காதில் விழுந்திடக் கூடாதுன்னுதாம்மா அந்த மேளமே! (பலத்த கைதட்டல்)

நடுவர் கை மணிக்குப் போகுது.