பெயர் பொறித்த கல்லும் பெயரற்ற மண்ணும்

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. ஆநிரை மீட்டு மாண்ட ஊர்மறவன் பெயரும் கல்லில் ஏறிற்று. மேலைநாட்டாரோ நெடுங்காலம் தம் எளிய படைஞரை ஒரே குழியிலிட்டு மூடினர், கல்லெல்லாம் படைத்தலைவர்க்கே!

1917-இல் பேபியன் வேர் என்பாரின் முயற்சியால் ஆங்கிலேயர் போர்க்கல்லறை ஆணையம் ஒன்றை நிறுவினர். மறுஆண்டு பிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கை அதன் நெறிகளை வகுத்தது. தலைவனாயினும் கடைநிலைப் படைஞனாயினும் ஒரே அளவுக் கல். உயரம் 2½ அடிக்குச் சற்று மேல். செல்வர் தம் மகனுக்கெனத் தனிமாடம் எழுப்பவோ, உடலைத் தாய்நாட்டிற்குக் கொண்டுசெல்லவோ இசைவில்லை. சிலுவை வடிவக் கல்லே வேண்டுமெனப் பெற்றோர் பலர் போராடினர். 1920-இல் நாடாளுமன்றத்திலேயே சொற்போர் நிகழ்ந்தது, ஆணையம் அசையவில்லை. கல்லடியில் குறுஞ்செடி நடுகின்றனர். அழகுக்காக மட்டுமன்று, மழைத்துளி மண்ணில் தெறித்துப் பெயரைக் கறைப்படுத்தலாகாது என்பதற்காகவும்! எழுத்துத் தேய்ந்தால் மீண்டும் செதுக்குகின்றனர். பகைவர் செயலாயினும் பாராட்டுவோம்.

ஆனால், அந்த ஒப்புரவு எவர்க்கு? ஆப்பிரிக்கர், ஆசியர் பலர்க்குப் பெயர்க்கல் மறுக்கப்பட்டதை ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. முதற்போரில் மாண்டு, பெயரால் நினைவுகூரப்படாதோர் குறைந்தது 1,16,000 பேர். 3,50,000 வரையும் இருக்கலாமாம்.

இனி நம் புண்ணுக்கு வருவோம். சப்பானியர் 1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இட்டனர். அதில் மாண்ட போர்ச்சிறையாளர் 12,000-க்கு மேற்பட்டோர். மலையா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர், பர்மியர், மலாயர், சாவகர் முதலிய ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்பர். அதுவும் கணிப்பே, எண்ணி வைத்தார் எவருமிலர்.

காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 சிறையாளர் துயில்கின்றனர். பெயர் தெரிந்தோர்க்கெல்லாம் வெண்கலத் தகட்டில் பெயருண்டு. சிறையாளர் தம் தோழரைப் புதைத்த இடத்தைக் காவலர்க்கு மறைத்துக் குறித்து வைத்தனர். 1945-இல் போர் முடிந்தவுடன் ஒரு குழு பாதை நெடுகச் சென்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகளைக் கண்டறிந்தது. நம்மவர்க்கோ பட்டியலுமில்லை, தேடிச் சென்ற குழுவுமில்லை. கழிச்சல் நோயில் வீழ்ந்தவரைக் கூட்டமாகக் குழியிலிட்டனர். படைஞர் அல்லர் ஆதலின் ஆணையத்தின் கணக்கிலும் அவர்கள் வாரார்! முட்டியடித்து வேலை வாங்கியபோது மட்டும் போர்ப்பணி, புதைக்கும்போது வெறுங்கூலியா?

2023-இல் காஞ்சனபுரியின் புத்தக் கோயிலொன்றில் அவர்கட்கு நடுகல் நாட்டப்பெற்றது. நாட்டியவர்க்கு நன்றி. எனினும் அஃது அனைவர்க்கும் பொதுக்கல். ஆளுக்கொரு பெயர் வேண்டும். மலேசியத் தோட்டக் குடும்பங்களில் தந்தையை அப்பாதைக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். ஆங்கு உறவுடைய அன்பர்கள், பெயர், தோட்டம், ஊர் ஆகிய மூன்றையும் கேட்டெழுதி இம்மன்றத்திற்கு விடுக்க. வரும் பெயர்களைத் திங்கள்தோறும் இவ்விதழில் வெளியிடுமாறு ஆசிரியரை வேண்டுகிறேன்.