நீருக்கடியில் ஓர் ஊர்

பாட்டனார் பிறந்த இடம் எதுவென வினவினால், மஸ்கெலியாவில் சிலர் நீர்த்தேக்கத்தைச் சுட்டிக்காட்டுவர். மவுசாக்கலை அணை 1969 இல் நிறைவுற்றபோது பழைய நகரம் நீரில் மூழ்கியது. வறட்சிக் காலத்தில் பழைய கோயிலின் இடிபாடு தலைகாட்டுவதுண்டு. ஆனால், அக்கோயிலைச் சூழ்ந்திருந்த ஊரைக் காண அணைக்கு முந்திய தேசப்படத்தையே நாடவேண்டும். 1800 ஆம் ஆண்டில் தோன்றிய நில அளவைத் திணைக்களம், ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்த படம் அது. வீதி, ஆறு, தோட்டம் யாவும் அதிலுண்டு.

ஆயினும், ஒரு சிக்கல். படத்திலே தோட்டங்களுக்குப் பெரும்பாலும் துரைமார் வழங்கிய பெயர். தொழிலாளர் நாவிலோ வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டையும் பொருத்த வல்லவர் தோட்டத்து முதியோரே. அவர்களும் அருகி வருகின்றனர். ஆதலின், படத்தை விரித்துப் பாட்டியாரை அருகில் அமர்த்துங்கள். கோயிலிலிருந்து எத்தனை கட்டை, ஆற்றுக்கு எப்பக்கம் எனக் கேளுங்கள். அவர் விரல் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இடுங்கள்.