மென்பொருளுக்கும் குத்தகையா?

தோழர்களே! துண்டுப் பிரசுரத்துக்குப் படம் திருத்தவும், கூட்டப் பேச்சைப் பதிவு செய்து வெட்டி ஒட்டவும் இன்று கம்ப்யூட்டரில் மென்பொருள் வேண்டியிருக்கிறது. முன்பு ஒருமுறை பணம் கட்டினால் போட்டோஷாப் நம் கையில் நிற்கும். 2013ல் அடோபி கம்பெனி புதுப் பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. சந்தா நின்றால் கருவியும் நின்றது! குத்தகை பாக்கி விழுந்தால் நிலத்தை விட்டு இறங்கு என்பதைப் போலத்தான் இது.

வேறு வழி இல்லையா? பிளெண்டரின் கதையைக் கேளுங்கள். உருவங்களை உண்டாக்கி, அசைத்து, சினிமா எடுக்கும் கருவி அது. நெதர்லாந்தில் அதை நடத்திவந்த கம்பெனி 2002ல் மூடப்பட்டது. மூல நிரலை விடுவிக்க முதல் போட்டவர்களுக்கு 1,00,000 யூரோ தரவேண்டியிருந்தது. அதைப் பயன்படுத்தி வந்தவர்களே சிறுகச் சிறுகத் தந்து, ஏழே வாரத்தில் தொகையைத் திரட்டிவிட்டார்கள்! அன்று முதல் எவரும் எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம். திருத்திக் கொடுப்பவர் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். உரிமத்தின் நிபந்தனை அது. அந்தக் கருவியால் லாட்வியா இயக்குநர் ஒருவர் எடுத்த ‘ஃப்ளோ’ படம் 2025ல் ஆஸ்கார் வாங்கியது.

படத்துக்கு கிம்ப், ஒலிக்கு ஆடாசிட்டி. அச்சுக்கான நாலு வண்ணப் பிரிப்பில் கிம்ப் போட்டோஷாப்புக்கு ஈடில்லை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கை பழகவும் சில வாரம் ஆகும்.

ஞாயிறு மாலை சங்க ஆபீசில் பழக்குகிறோம். பென்டிரைவ் கொண்டு வாருங்கள். காப்பி எடுத்துப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள். இதில் அது திருட்டு அல்ல.