இலையைத் திருப்பிப் பாருங்கள்

வாசலில் நிற்கிற செம்பருத்தியின் இலை சுருண்டுவிட்டால் நம்மில் பலர் நேராக மருந்துக் கடைக்குத்தான் போகிறோம். "செடிக்கு என்னமோ நோய், மருந்து கொடுங்க" என்று கேட்கிறோம். கடைக்காரர் அந்தச் செடியைப் பார்த்ததில்லை, கைவசம் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறார். பூச்சியே இல்லாத செடிக்குப் பூச்சிமருந்து அடித்து, அங்கே வந்துபோகிற தேனீயையும் பொறிவண்டையும் கொன்றுவிடுகிறோம். செடியோ அப்படியே இருக்கிறது. எனக்கு இது மனத்தை உறுத்துகிற விஷயம். ஏனென்றால் என்ன குறை என்பதைப் பெரும்பாலும் செடியே சொல்லிவிடுகிறது. ஐந்து நிமிடம் அதன் முன்னால் குனிந்து பார்த்தால் போதும்.

முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதிகம் தங்குவது அங்கேதான். பிறகு, கெட்டிருப்பது நுனியில் உள்ள இளம் இலையா, அடியில் உள்ள முதிர்ந்த இலையா என்று கவனியுங்கள்.

செம்பருத்திக் குருத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. குருத்து முறுக்கிக்கொண்டு வளராமல் நின்றுவிடும். குடித்த சாற்றில் மிஞ்சிய இனிப்பை இந்தப் பூச்சி பிசுபிசுப்பாக வெளியேற்றும். கீழிலைகளில் அது சிந்தி, அதன்மேல் கரும்பூசணம் படரும். இலை கறுத்துவிட்டதே என்று அந்தப் பூசணத்துக்கு மருந்து தேட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பார்க்க வேண்டியது எறும்பை. இனிப்புக்காக வரும் எறும்புகள் மாவுப்பூச்சியைத் தின்ன வருகிற பொறிவண்டுகளை விரட்டிவிடும். அதனால் சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடுகிற கிளைகளை நறுக்கி, எறும்பு ஏறும் வழியை முதலில் அடையுங்கள். தொட்டியானால், தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே இரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை ஏற்றிவிடுங்கள்.

அடுத்து, மோசமான குருத்துகளை வெட்டிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகுதான் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு நன்றாகக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு சேராது, பூச்சியின் மெழுகுப் பூச்சிலும் ஒட்டாது. நாலைந்து இலையில் அடித்துப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்றால் செடி முழுவதும் அடிக்கலாம். மாலை நேரம்தான் நல்லது. முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை என இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சியைத் தின்கிற ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆனால் அளவில் பெரியது, தொட்டால் விறுவிறுவென்று நகரும். அதைக் கண்டால் எதுவும் அடிக்காதீர்கள். வேலை தானே நடந்துகொண்டிருக்கிறது. மருந்தைவிட இப்படிப்பட்ட இயற்கை எதிரியே மேல் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி, செம்பருத்தியையும் விடவில்லை. விவசாயிகள் அடித்த மருந்துகளுக்கு அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசெரோபேகஸ் என்ற கடுகிலும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. வீட்டுத் தோட்டத்திலும் கடும் மருந்தை நான் கடைசிக்குத் தள்ளச் சொல்வது இதனால்தான்.

பூச்சியே இல்லை, ஆனாலும் இலை மஞ்சளாகிறதா? இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் உள்ள ஊர்களில் இது சாதாரணம். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். முதிர்ந்த இலைகள் அடியிலிருந்து ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி நகர்த்த அதனால் முடியாது. அதனால்தான் எந்த இலை என்று முதலிலேயே பார்க்கச் சொன்னேன். மண் சொதசொதவென்று இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது. அப்போது தண்ணீரை நிறுத்தி, வடிகால் துளையைக் குத்திவிடுங்கள்.

கோடையில் இலை முழுவதும் ஊசிக்குத்துப்போல் வெளிர்புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். புள்ளிகள் ஊர்ந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் தண்ணீரால் கழுவினாலே குறைந்துவிடும்.

ரோஜா இலையின் ஓரத்தில் அரைவட்டமாக, கத்தரியால் வெட்டினாற்போல் இருந்தால் கவலையே வேண்டாம். இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்குக் கூடு கட்ட எடுத்துப்போயிருக்கிறது. கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலவோ பச்சையாகவோ புழு இருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, கையாலேயே எடுத்துவிடலாம். சமையலுக்குப் பறிக்கிற அந்த இலையில் ரசாயன மருந்தை அடிக்கவே கூடாது.

என்ன செய்தாலும், கெட்ட இலை பெரும்பாலும் பழையபடி ஆகாது. அதைப் பார்த்துப் பலனில்லை என்று அடுத்த மருந்துக்கு ஓடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து வருகிற புதுத் தளிர் நேராக, பச்சையாக விரிந்தால் செடி தேறிவிட்டது.