கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் நெருப்புக் கயிறு

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

பீடி, சிகரெட் குடிப்பவர் தம் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார் என்று பலமுறை பேசிவிட்டோம். இன்று பேச வந்தது குடிக்காதவரைப் பற்றி.

ஊதிவிடும் புகை மட்டுமல்ல, விரலிடுக்கில் எரியும் நுனியிலிருந்து எழும் புகையும் பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. அதில் புற்றுநோய் தரும் பொருட்கள் மட்டும் ஏறத்தாழ 70. புகைப்பவரின் மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா 1981-இல் எடுத்துக்காட்டினார். அடுத்தவர் விட்ட புகையால் உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்கள் செய்த குற்றம் என்ன? மூச்சு விட்டதுதானே!

நம் ஊரை எண்ணிப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் தறியும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ். நூல் தூசியே நெஞ்சை அடைக்கிறது. அதற்குள் அத்தா ஒரு பீடியைப் பற்றவைத்தால், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு எங்கே காற்று? ஜன்னலைத் திறந்தேன், ஃபேனைப் போட்டேன் என்பதெல்லாம் போதாது. இளைப்பு, நிமோனியா, காது நோய் எல்லாம் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளையே அதிகம் பிடிக்கின்றன.

பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவு. ஆனால் அவற்றைப் பச்சையாகத் தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை என்பதே காரணம். ஹலாலான பொருளின் வாடைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், நோய் தரும் புகைக்கு என்ன சொல்வீர்கள்? நோன்பு திறந்த கையோடு பள்ளிவாசல் வாசலிலேயே பற்றவைக்கும் தம்பிமார்களே! பகல் முழுவதும் விட்டிருந்த உங்களால் பிறகும் விட முடியாதா?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. பொது இடத்தில் புகைப்பது பிறருடைய உயிர்வாழும் உரிமைக்கு எதிரானது என்று கேரள உயர்நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2001-இல் நாடு முழுவதும் பொது இடங்களில் தடை விதித்தது. 2003-இல் தனிச் சட்டமே வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் அமலான விதிகளில் உணவகம், வேலை செய்யும் இடம், பேருந்து நிலையம் எல்லாம் அடங்கும். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

வணிகர்களே, கவனியுங்கள்! அவ்விடத்தின் உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. புகார் வந்தும் தடுக்காவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருடைய அபராதமும் அவர் தலையில் விழும். தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் எதையும் அங்கே வைக்கக் கூடாது. தனி இடம் ஒதுக்கும் சலுகை 30 பேர் அமரும் உணவகங்களுக்குத்தான், சின்ன டீக்கடைகளுக்கு இல்லை. அப்படியிருக்க, கல்லாவுக்குப் பக்கத்தில் நெருப்புக் கயிற்றைத் தொங்கவிட்டால், நாமே அழைத்துப் பற்றவைக்கச் சொல்வதாகாதா?

"வியாபாரம் போய்விடுமே, ஹஜ்ரத்!" என்பீர்கள். புகைக்குப் பயந்து பிள்ளையோடு ஒதுங்கிப் போகும் தாய்மார்களின் வியாபாரத்தை என்றைக்காவது கணக்குப் பார்த்தீர்களா? மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் நம் சகோதரிகள் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கேட்டுப் போராடுவதும் நம் கடமைதான். அதற்காக அடுத்தவர் மூச்சில் நஞ்சு கலக்க முடியாது.

ஆகவே, மூன்று காரியங்கள் செய்வோம்.

ஒன்று: கடையிலுள்ள நெருப்புக் கயிற்றை இன்றே அறுத்தெறியுங்கள். புகைக்கத் தடை என்ற பலகையை மாட்டுங்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்காதீர்கள், அதுவும் சட்டம்.

இரண்டு: பள்ளிவாசல் வளாகத்திலும் நிக்காஹ் மண்டபத்திலும் புகை கூடாதென்று ஜமாஅத்துகள் தீர்மானம் போடட்டும்.

மூன்று: இளைஞர்களே, பேருந்து நிலையத்தில் யாராவது புகைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். "அண்ணே, குழந்தை நிற்குது" என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் அணைத்துவிடுவார்கள்.

நம் கையாலும் நம் கடையாலும் யாருக்கும் தீங்கு வராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.