வலைத்திரைக்கு முன்னும் பின்னும்



மேடையில் சிலர் ஆடுகிறார்கள். முன்பே படம்பிடித்த ஆட்டம் பக்கத்திலேயே திரையில் ஓடுகிறது. இது இன்று புதுமை இல்லை. கல்லூரி ஆண்டுவிழாவில்கூட எல்.இ.டி. திரை வந்துவிட்டது. பெரும்பாலும் என்ன நடக்கிறது? திரை பெரிது, வெளிச்சம் அதிகம். நம் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கீழே ஒருவர் வியர்க்க வியர்க்க ஆடுவதை யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்க நடனக் கலைஞர்கள் இதைப் பல விதமாக முயன்று பார்த்திருக்கிறார்கள். 1966-இல் நியூயார்க்கில் டிரிஷா பிரவுன் ஒரு புரொஜெக்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஆடினார். அவர் ஆடிய அதே நடனத்தின் படம் அதிலிருந்து ஓடியது. அவர் திரும்பினால் படமும் திரும்பும். சுவரிலும் கூரையிலும் பார்வையாளர் மேலும் விழும். அந்தக் காலத்துப் புரொஜெக்டரைச் சுமந்துகொண்டு ஆடுவதென்றால் சும்மாவா!

ஆனால் இந்தக் கலவை முழுமையாகக் கைகூடியது 1979-இல் லூசிண்டா சைல்ட்ஸ் படைத்த ‘டான்ஸ்’ என்ற நிகழ்ச்சியில்தான் என்பேன். இசை பிலிப் கிளாஸ். மேடை அலங்காரத்துக்கு ஓவியர் சோல் லெவிட்டை அணுகினார்கள். அவரோ, ஆடுகிறவர்களே அலங்காரமாக இருக்கட்டும் என்று முடிவுசெய்து, அவர்களையே கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார்.

அந்தப் படம் மேடைக்குப் பின்னால் ஓடவில்லை, முன்னால் ஓடியது. பார்வையாளருக்கும் ஆடுகிறவர்களுக்கும் நடுவே மெல்லிய வலைத்துணி ஒன்று தொங்கும். முன்னாலிருந்து ஒளி பட்டால் அது திரை; பின்னால் விளக்கு எரிந்தால் கண்ணாடிபோல் மேடையைக் காட்டிவிடும். இரண்டு ஒளியையும் அளந்து வைத்தால் படமும் ஆளும் ஒரே நேரத்தில் தெரிவார்கள். தரையில் வெள்ளைக் கோடுகளால் கட்டம் போட்டிருக்கும். படத்திலும் அதே கட்டம், அதே அடவு. சில சமயம் படத்தில் இருப்பவர்கள், மேடையில் ஆடுபவர்களின் தலைக்கு மேல் மாடி கட்டிக்கொண்டு ஆடுவதுபோல் இருக்கும். சில சமயம் பேருருவாக அவர்களை மூடிக்கொண்டு கடந்து போவார்கள். திடீரென்று படம் அப்படியே உறைந்து நிற்கும். பின்னால் கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஆடுவது எளிதல்ல. நம் மேடையில் ஆடுகிறவர் கொஞ்சம் பிசகினால் நட்டுவாங்கம் செய்பவர் பார்த்துச் சமாளித்துக் கொடுப்பார். படச்சுருள் யாரையும் பார்க்காது, யாருக்காகவும் நிற்காது. நடை, துள்ளல், சுழற்சி என்று அடவுகள் எளிமையானவைதாம். ஆனால் சின்னச் சின்ன மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வருபவை. எண்ணிக்கை ஒன்று தவறினாலும் திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

2009-இல் நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் இதை மீண்டும் மேடையேற்றினார்கள். படம் அதே பழைய படம். ஆடியவர்கள் அடுத்த தலைமுறை. நடுவில் ஒருவர் மட்டும் ஆடும் பகுதி உண்டு. 1979-இல் சைல்ட்ஸ் தன் படத்தோடு தானே ஆடிய பகுதி அது. 2009-இல் திரையில் முப்பது வயதுகளில் இருந்த சைல்ட்ஸ்; வலைக்குப் பின்னால் வேறொரு இளம்பெண். சைல்ட்ஸுக்கு அப்போது 69 வயது. பழைய படத்தில் இருப்பவர்களின் உடலில் ஒரு தளர்வு, ஒரு அலட்சியம். புதியவர்களிடம் பயிற்சியின் கூர்மை. அடவு ஒன்றுதான், ஆனால் ஆட்டம் ஒன்றல்ல. எனக்கு இந்த இரண்டாம் வரவுதான் முதலாவதைவிடப் பெரிய சாதனை. படம் பழசானதுதான் அதற்குப் பலம்.

‘டான்ஸ்’ நிகழ்ச்சியின் சில பகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தேடிப் பாருங்கள். பார்க்கும்போது முன்னால் ஓடும் பெரிய உருவங்களில் மயங்கிவிடாமல், வலைக்குப் பின்னால் ஓடுகிற கால்களைக் கவனியுங்கள்.