உள்ளதை அறிந்து வாங்குவோம்

(மன்றத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இன்றைய கூட்டத்தில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபொழுது சிறிது தயங்கினேன். பெரும் பொருள்களைப் பற்றிப் பேசுதற்கு அறிஞர் பலர் இம்மன்றத்தில் இருக்கின்றனர். நானோ பல்கலைக்கழகத்திற் பயிலும் ஒரு மாணவன். ஆதலால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் வீடுகளில் தந்தைக்கும் மைந்தனுக்கும் இடையே அடிக்கடி வழக்காகும் ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொண்டேன். வீட்டிலுள்ள கணினியை, விளையாட்டுக்கும் வீடியோத் தொகுப்புக்கும் ஏற்றவாறு, கையிலுள்ள பணத்துக்குள் புதுப்பிப்பது எங்ஙனம்? இதுவே என் பேச்சின் பொருள்.

பெரியோர் சிலரின் முகத்திற் புன்முறுவல் தோன்றுவதைக் காண்கிறேன். “விளையாட்டுக்கும் ஒரு சொற்பொழிவா?” என்று நீங்கள் எண்ணலாம். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிற் கணினி விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆயினும் அதைக் காட்டி உங்களிடம் பணம் கேட்க நான் வரவில்லை. நம் இளைஞர் பலர் கணினியில் விளையாடுவதோடு நின்றுவிடுவதில்லை. அரங்கேற்றம், திருமணம், ஆடிவேல் ஊர்வலம் ஆகியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுத்துப் படிப்புச் செலவுக்கும் வழி தேடுகின்றனர். இரண்டுக்கும் ஒரே கணினிதான். எனவே செலவும் ஒன்றே; தவறினால் வரும் இழப்பும் ஒன்றே. அத்தகைய இழப்பு ஒன்றை என் கையாலேயே தேடிக்கொண்டவன் என்ற உரிமையோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணினி 2019ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. ரைசன் 5 2600 என்னும் புரோசஸர், 8 ஜீ.பி. ராம் ஒரே துண்டு, 1 டீ.பி. ஹார்ட் டிஸ்க், ஜீ.டீ.எக்ஸ். 1050 டீ.ஐ. என்னும் கிராபிக்ஸ் காட் ஆகியவை அதில் இருந்தன. உயர்தர வகுப்புப் படிப்புக்கு அது போதுமானதாயிருந்தது. பின்னர் புதிய விளையாட்டுகள் வந்தன. படம் தடுக்கித் தடுக்கி ஓடியது. தொகுப்பு வேலையும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2023இல் அம்மா தம் சீட்டுக் காசை எடுத்து என் கையில் தந்தார். நான் ஒரு கணமும் ஆராயவில்லை. காசு முழுவதையும் கொண்டுபோய் ஆர்.டீ.எக்ஸ். 3060 என்னும் காட் ஒன்றை வாங்கி வந்தேன்.

நடந்தது யாது? பழைய காட் 75 வாட் மின்சாரம் கொள்வது. புதியது 170 வாட் கொள்வது. அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டுமென்று உற்பத்தியாளரே கூறியிருக்க, எங்கள் பெட்டியில் இருந்ததோ பெயரற்ற 400 வாட். விளையாட்டின் நடுவிற் கணினி தானே அணைந்து அணைந்து எழுந்தது. தொகுப்பு வேலையின் வேகமோ பெரிதும் மாறவில்லை. ஏனெனில் அங்கே தாமதம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அந்த டிஸ்க் சில காலமாகவே ‘டிக் டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் அது நின்றுவிட்டது.

அதனுள் எனது விளையாட்டுகள் மட்டுமா இருந்தன? என் அம்மப்பா 2022இற் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில், 1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடிழந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் தங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்த கதையை அவர் தம் வாயாற் சொல்ல, ஒரு மணித்தியாலம் பதிவு செய்து வைத்திருந்தேன். அதன் ஒரே பிரதி அந்த டிஸ்க்கில் இருந்தது. அம்மா என்னைக் கோபிக்கவில்லை. “தம்பி, அப்பாவின்ரை குரல் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

தோழர்களே! நான் கற்ற மிஷன் பாடசாலையில் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். விடை சரியாக இருந்தாலும், செய்வழி காட்டாவிட்டால் அவர் புள்ளி இடமாட்டார். “காட்டினாற்றான் எங்கே பிழைத்தாய் என்பது உனக்கே தெரியும்” என்பார். கணினி வாங்குவதிலும் அந்தச் செய்வழியே நமக்கு வேண்டும். அதனை நான்கு படிகளாகக் கூறுகிறேன்.

முதலாவது படி, அளந்தறிதல். மாலை நேரத்திற் காலி வீதியைப் பாருங்கள். ஓரிடத்திற் பாதை ஒடுங்கிவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் எத்துணை அகலமாயிருந்தும் பயன் இல்லை. கணினியும் அவ்வாறே. எந்த உறுப்பு ஒடுங்கியிருக்கிறதோ அதுவே முழு வேகத்தையும் தீர்மானிக்கும். ஒரு விநாடிக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின், ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடியே உண்டு. அந்தச் சிறு பொழுதுக்குள் புரோசஸர் படத்துக்குரிய கணக்கைச் செய்யவேண்டும். காட் அதனை வரையவேண்டும். விளையாடும்போது விண்டோஸிலுள்ள டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். காட் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் உழைக்குமாயின் ஒடுக்கம் காட்டில் உள்ளது. அது பாதியளவே உழைத்தும் படம் தடுக்குமாயின் குறை வேறிடத்தில் இருக்கிறது. இன்னுமொரு சோதனை உண்டு. படத்தின் அளவை 1080இலிருந்து 720ஆகக் குறைத்துப் பாருங்கள். வேகம் ஏறாவிட்டால், புதிய காட் வாங்குவது வீண் செலவேயாகும். இச்சோதனைகளுக்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது படி, செலவின்றிச் செய்யக்கூடியவற்றை முதலிற் செய்தல். பெட்டியின் தூசியைத் துடையுங்கள். வெப்பம் மிகுந்தாற் புரோசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடற்காற்று வீசும் நம் வெள்ளவத்தை வீடுகளில் தூசியும் உப்பும் விரைவிற் படியும். தொகுப்பு வேலை செய்வோர் 4கே படத்தை அப்படியே வைத்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதன் சிறிய பதிலிக் கோப்புகளை உண்டாக்கி, அவற்றைக்கொண்டு வெட்டி ஒட்டி, முடிவில் மூலப்படத்திலிருந்து வெளியிடலாம். டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இவ்வசதி உண்டு. பழைய கணினியும் இதனாற் புதிய உயிர் பெறுகின்றது.

மூன்றாவது படி, பணத்தைப் பங்கிடுதல். ரூபாய்க் கணக்கில் விலைகளை இங்கே நான் கூறப்போவதில்லை. அவை மாறும் விதத்தை நாம் கண்டிருக்கிறோம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவிற்கு ஏறியது. அவ்வாண்டின் முற்பகுதியில் நூற்றுக்கு 8ஆக இருந்த பெறுமதிசேர் வரி, 2024 சனவரி முதலாந் திகதி 18ஆயிற்று. கணினி உறுப்புகள் யாவும் கடல் கடந்து வருவன. ஆகவே விலையை நெட்டுருப் பண்ணுவதினும், பங்கை மனத்திற்கொள்வதே மேல்.

இரண்டாம் முறை, என் சொந்த உழைப்பிற் சேர்த்த பணத்தை நான் பங்கிட்ட விதம் இது. நூறு ரூபாயில் முப்பது, எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கும் பிரதி வைப்பதற்கான வெளி டிஸ்க் ஒன்றுக்கும். இருபது, நல்ல பவர் சப்ளைக்கு. பத்து, இன்னொரு 8 ஜீ.பி. ராம் துண்டுக்கு, இருபத்தைந்து, புரோசஸருக்கு, எஞ்சிய பதினைந்து, எதிர்பாராத செலவுக்கு. காட் முன்னமே கையில் இருந்தமையால் அதற்குப் பங்கு இல்லை. காட் இல்லாதவர், விளையாட்டே முதன்மை என்பவராயின், அதற்கு நாற்பதோ ஐம்பதோ ஒதுக்கலாம். நூறையும் ஒதுக்குதல் கூடாது.

இப்பங்கீட்டின் காரணத்தையும் சொல்லவேண்டும். ஹார்ட் டிஸ்க் ஒரு விநாடியில் 100 முதல் 200 மெகாபைட் வரை வாசிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் வாசிக்கும், என்.வி.எம்.ஈ. வகை ஆயிரக்கணக்கில் வாசிக்கும். ராம் ஒரு துண்டாக இராமல் ஒத்த இரு துண்டுகளாக உரிய இடங்களில் இருந்தால், தரவு செல்லும் வழி இரட்டிக்கும். விளையாட்டுக்கு 16 ஜீ.பி. போதும், 4கே தொகுப்புக்கு 32 நன்று. ஆனால் 2025இன் இறுதியிற் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் ராம் விலை உலகெங்கும் ஏறியது. அவ்வாண்டு டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்கும் தனது குருஷல் வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. ஆதலின் தேவைக்கு மிஞ்சி வாங்கி அடுக்காதீர்கள்.

புரோசஸரைப் பற்றி ஒரு நற்செய்தி. எங்கள் மதர்போட் 2018இல் வெளிவந்த பீ450 வகை. அதன் பயோஸைப் புதுப்பித்தபின், 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600ஐ அதே குழியிற் பொருத்த முடிந்தது. இரண்டுக்கும் ஆறு கருக்களே, 65 வாட்டே. எனினும் வேகத்திற் பெரும் வேறுபாடு. புதிய மதர்போட்டும் அதற்குரிய டீ.டீ.ஆர்.5 ராமும் வாங்கும் செலவு மிஞ்சியது. வீட்டை இடியாமல் அறையை மட்டும் திருத்துவது போன்றது இது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதி முடிந்துவிட்டதென்று அஞ்சிப் புதுக் கணினிக்கு ஓடுவோரும் உளர். ரைசன் 2000 வரிசை, இன்டெலின் எட்டாந் தலைமுறை ஆகியவற்றிலிருந்து பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கும். பயோஸில் டீ.பீ.எம். என்பதை இயக்கினாற் பல கணினிகளுக்கு அதுவே போதும்.

நான்காவது படி, வாங்கும் முறை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு கடையிற் கேட்டதோடு நில்லாமல், மூன்று நான்கு கடைகளிற் கேட்டு விலையை எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பாவித்த காட் வாங்குவது இழிவன்று. 2022 செப்டெம்பர் 15ஆந் திகதி எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியபின், அதனை அகழப் பயன்பட்ட காட்கள் ஏராளமாக உலகச் சந்தைக்கு வந்தன. ஆனால் அரை மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடவிட்டு, விசிறியின் ஒலியையும் வெப்பத்தையும் பார்த்த பின்னரே காசை நீட்டுங்கள். பவர் சப்ளையையும் டிஸ்க்கையும் மட்டும் பாவித்ததாக வாங்காதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. சிறிய யூ.பீ.எஸ். ஒன்று சில நிமிடம் தந்தாலும் போதும். செய்த வேலையைச் சேமித்து முறைப்படி அணைத்துவிடலாம்.

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமானது. எந்தக் கோப்பு திரும்பக் கிடையாதோ, அதற்கு மூன்று பிரதி வேண்டும்; இரு வேறு சாதனங்களில் வேண்டும்; ஒன்று வேறு வீட்டில் வேண்டும். எங்கள் மூன்றாம் பிரதி இப்போது கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அந்த மாமியிடந்தான், நான் முன்பொருநாள் வட்ஸ்அப்பில் அனுப்பிய அம்மப்பாவின் பேச்சிற் சிறு துண்டொன்று எஞ்சியிருந்தது. ஒரு மணித்தியாலத்தில் நான்கு நிமிடம். கப்பல் புறப்படும் இடத்தோடு அது முடிந்துவிடுகின்றது. அதன் பின் அவர் சொன்னதை அம்மாவும் நானும் நினைவிலிருந்து கொப்பியில் எழுதி வருகிறோம்.

பெரியோர்களே! உங்கள் பிள்ளை பணம் கேட்டு வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கொடுக்கவும் வேண்டாம். “செய்வழியைக் காட்டு” என்று கேளுங்கள். தோழர்களே! நமக்குத் தரப்படும் காசு யாரோ ஒருவர் தம் தேவையைச் சுருக்கிச் சேர்த்த காசு. கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, நம்மிடம் உள்ளது எது, குறைவது எது, இழக்கக்கூடாதது எது என்று மூன்று வரி எழுதுவோம். அந்த மூன்றாம் வரியை முதலில் எழுதியிருந்தால் இன்று என் அம்மாவுக்கு அவருடைய தந்தையின் குரல் முழுவதும் இருந்திருக்கும்.